காணி போன கேப்டன்

சாகப்போகிறவர் உயிலில் பொய் எழுதமாட்டார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வக்கீல்களிடம் மட்டும் அது கிடையாது.

1656 மார்ச்சில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் டக்ஸ்பரி என்ற ஊரில், மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்ற முதிய கேப்டன் உயில் எழுதினார். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. வேலைக்காரனுக்குப் பேசிய கூலிக்கு மேலே 40 ஷில்லிங். இறந்துபோன மகளுக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் தன்னைப் புதைக்கவேண்டும். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. பிறகு திடீரென்று கிழவருக்கு ஏதோ பழைய புண் வலிக்கிறது. இங்கிலாந்தில் தனக்குச் சேரவேண்டிய நிலங்களை யாரோ கமுக்கமாக அமுக்கிக்கொண்டார்கள் என்றும், முறையான வாரிசான மூத்த மகன் அலெக்சாண்டருக்கு அவை அத்தனையையும் எழுதிவைப்பதாகவும் சொல்கிறார். ஊர்ப் பட்டியலும் தருகிறார்: ஆர்ம்ஸ்கர்க், பர்ஸ்கோ, ரைட்டிங்டன், மோட்ஸ்லி, நியூபர்க், கிராஸ்டன், அப்புறம் மேன் தீவு. லங்காஷயரில் ஆறு ஊர், கொசுறாக ஒரு தீவு.

யார் அமுக்கினார்கள், எப்போது, எந்தப் பத்திரத்தைக் காட்டி? மூச்சு விடவில்லை. தன் கொள்ளுத்தாத்தா, ஸ்டாண்டிஷ் ஊர் ஸ்டாண்டிஷ் வீட்டின் இரண்டாவது பிள்ளை அல்லது இளைய பிள்ளை என்று மட்டும் ஒரு குறிப்பு. கொள்ளுத்தாத்தா எத்தனையாவது பிள்ளை என்பதில் தடுமாறியவர், அவருடைய சொத்து விஷயத்தில் மட்டும் தடுமாறவே இல்லை.

அக்டோபர் 3ஆம் தேதி கேப்டன் காலமானார். அந்த நிலத்தில் அலெக்சாண்டருக்கு ஒரு முழம்கூட வரவில்லை. ஆனால் அந்த ஒரு பத்தி, அவர் வம்சத்துக்கும் லங்காஷயர் பாதிரியார்களுக்கும் மேன் தீவுக்காரர்களுக்கும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வேலை கொடுத்திருக்கிறது. கேப்டன் எந்த ஊர்க்காரர் என்பதுதான் கேள்வி. அதற்கு இன்றுவரை இருக்கும் முக்கிய ஆதாரம், காணாமல்போன நிலத்தைப் பற்றிய ஒரு புகார்தான்.

ஆளை முதலில் பார்த்துவிடுவோம். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கிய 102 பேரில் ஒருவர். அமெரிக்காவில் அந்தக் கப்பலில் மூதாதை வந்தார் என்று சொல்லிக்கொள்வதற்கு இருக்கும் மரியாதை, நம் ஊரில் ராஜராஜன் கல்வெட்டில் பாட்டன் பெயர் இருக்கிறது என்று சொல்வதற்கு இருக்கும் மரியாதை. அந்த மூதாதைகளை எல்லாரும் பொத்தாம்பொதுவாகப் பியூரிட்டன்கள் என்பார்கள். கறாராகப் பார்த்தால், இங்கிலாந்துத் திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதைச் சுத்தம் செய்வோம் என்றவர்கள்தான் பியூரிட்டன்கள். அவர்கள் 1630இல் பாஸ்டன் பக்கம் கூட்டமாக வந்தார்கள். மேஃப்ளவரில் வந்த பக்தர் கோஷ்டி அவர்களையும் மிஞ்சியது. இந்தச் சபையே ஆகாது என்று பிரிந்து, ஹாலந்தில் லைடன் நகரத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். நம் கேப்டன் இரண்டிலும் சேர்த்தியா என்பதே சந்தேகம். ஹாலந்தில் சிப்பாயாக இருந்தவர், அங்கே அந்தச் சபைக்காரர்கள் பழக்கமானார்கள், கூடவே கிளம்பிவிட்டார். அவர் சபையில் உறுப்பினராகச் சேர்ந்ததற்குப் பதிவு எதுவும் அகப்படவில்லை. பக்தர்களுக்கு ஜெபம் தெரியும், துப்பாக்கி தெரியாது. இவருக்குத் துப்பாக்கி தெரியும். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நல்லதையும் சொல்லவேண்டும். முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் செத்தார்கள். கேப்டனின் மனைவி ரோஸும் 1621 ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். எழுந்து நடமாடும் நிலையில் ஆறேழு பேர்தான் மிச்சம். அவர்களில் ஒருவராக இருந்து விறகு சுமந்து, கஞ்சி வைத்து, நோயாளிகளின் அழுக்குத் துணி துவைத்தவர் இந்தக் கேப்டன். அவர்கள் குடியேறிய பிளிமத் காலனியின் கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்ட் இதை மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அதே கேப்டனை 1625இல் காலனியின் காரியமாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பிளேக் நோய். 50 சதவீத வட்டிக்கு 150 பவுண்டு புரட்டிக்கொண்டு திரும்பினார். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் அந்தக் கடன் கொடுத்தவரின் படத்தைக் கடையில் மாட்டலாம். கவனிக்கவேண்டியது வேறு: இங்கிலாந்துவரை போன மனிதர், அப்படியே லங்காஷயர் பக்கம் எட்டிப்பார்த்து, ஆறு ஊர் நிலத்தைப் பற்றி யாரையாவது சட்டையைப் பிடித்துக் கேட்டார் என்பதற்கு ஒரு சீட்டுத்துண்டுகூட இல்லை.

ஆள் குள்ளம். தலைமுடி செந்நிறம் என்பார்கள். கோபம் மூக்கு நுனியில். பக்கத்துக் காலனியில் கம்பம் நட்டுச் சாராயம் குடித்து ஆடிக்கொண்டிருந்த தாமஸ் மார்ட்டன் என்ற குறும்புக்காரரை 1628இல் இவர்தான் போய்க் கைது செய்தார். மார்ட்டன் பழிவாங்கிய விதம் அழகு. 1637இல் ஒரு புத்தகம் எழுதி, கேப்டனுக்கு 'கேப்டன் இறால்' என்று பெயர் வைத்தார். கேப்டனின் வாள் துருப்பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது, இறால் இன்னும் அப்படியே இருக்கிறது.

அவரைக் குள்ளன் என்று சொன்ன இன்னொருவருக்குப் புத்தகம் எழுத அவகாசம் கிடைக்கவில்லை. மாசசூசெட் இனத்தைச் சேர்ந்த பெக்சூவட் என்ற வீரர். 1623இல் வெஸகஸெட் என்ற இடத்தில், பெரிய கேப்டனாக இருந்தாலும் ஆள் சிறிசுதான் என்றார். மறுநாள் ஒரு வீட்டுக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்தி, அவருடைய கழுத்தில் தொங்கிய கத்தியையே உருவி அவரைக் குத்திக் கொன்றார் ஸ்டாண்டிஷ். கூட இருந்த விட்டுவாமட் என்ற வீரரும் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத் கோட்டையின்மேல் ஏறியது. லைடனிலிருந்து சபையின் பாதிரியார் ஜான் ராபின்சன், கொல்வதற்கு முன்னால் ஒருவரையாவது மனம் திருப்பியிருக்கக்கூடாதா என்று வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். கேப்டனை வைத்து இதுவரை சிரித்தோம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நில விவகாரத்தில் இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது, அது இங்கிலாந்தில் இல்லை. 1649இல் வம்பனோவாக் தலைவர் மாசசாய்ட்டிடம் டக்ஸ்பரிக்காரர்களுக்காக நிலம் வாங்கிய பத்திரத்தில் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் கையெழுத்து இருக்கிறது. பிரிட்ஜ்வாட்டர் ஊர் பின்னால் அங்கேதான் வந்தது. அளவு: ஓர் இடத்தை நடுவாக வைத்து நாலா பக்கமும் ஏழேழு மைல். விலை: 7 கோட்டு, 9 கைக்கோடரி, 8 மண்வெட்டி, 20 கத்தி, 4 மான் தோல், பத்தரை கஜம் பருத்தித் துணி. நம் சப்ரிஜிஸ்தரார் யாராவது பார்த்தால் 'வழிகாட்டி மதிப்பு' என்று கத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார். ஏழே வருடம் கழித்து, அதே கை, தன் நிலத்தை யாரோ கமுக்கமாக அமுக்கிக்கொண்டார்கள் என்று உயில் எழுதுகிறது.

இருநூறு வருடம் இந்த உயில் பெட்டிக்குள் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நியூ இங்கிலாந்துக்காரர்களுக்குப் பூர்வீகப் பித்து பிடித்தது. 1845இல் பாஸ்டனில் இதற்கென்றே ஒரு வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். மன்னர் வேண்டாம், பிரபு வேண்டாம் என்று சண்டை போட்டுப் பிரிந்த நாட்டில், செருப்புக்கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் எல்லாருக்கும் இங்கிலாந்தில் ஒரு பிரபு தாத்தா தேவைப்பட்டார். வீட்டுக்கு வீடு ஒரே கதை சொன்னார்கள்: மூன்று சகோதரர்கள் கப்பலேறினார்கள், ஒருவர் இங்கேயே தங்கினார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவரைப் பற்றிச் செய்தியே இல்லை. அந்த மூன்றாமவர்கள் எல்லாரும் எங்கேயோ ஒன்றாகக் கூடி ஒரு தனி நாடே நடத்தவேண்டும். தேவை இருந்தால் சரக்கும் வரும். சுவீடனில் கள்ளக் கையெழுத்துக்குத் தண்டனை அடைந்த ஒருவர் பிற்பாடு நியூயார்க்குக்கு வந்து, குஸ்தாவ் அஞ்சு என்று பிரெஞ்சு ராஜகுடும்ப வாசனையோடு பெயர் வைத்துக்கொண்டு, பணக்காரர்களுக்கு அளவெடுத்து வம்சாவளி தைத்துக் கொடுத்தார். இல்லாத உயில், இல்லாத திருமணப் பதிவு, எல்லாம் அவரிடம் கிடைக்கும். அவருடைய தாள்கள் இன்றும் நூலகங்களில் உட்கார்ந்து, நம்பிக்கையோடு வருகிறவர்களைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்டாண்டிஷ் வாரிசுகள் அவ்வளவு அற்பர்கள் அல்லர். அவர்களுக்குப் பிரபு தாத்தா மட்டும் போதாது, தாத்தாவின் நிலமும் வேண்டும். 1840களில் ஒன்றுகூடி நிதி திரட்டி, பிராம்லி என்பவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நேராக அவர் போனது சோர்லி ஊர்த் தேவாலயத்துக்கு. காரணம் எளிது. கேப்டன் குடியிருந்த அமெரிக்க ஊருக்குப் பெயர் டக்ஸ்பரி. சோர்லிக்குப் பக்கத்தில் டக்ஸ்பரி ஹால் என்று ஒரு ஸ்டாண்டிஷ் பண்ணை வீடு இருந்தது. ஆகவே அதுதான் பூர்வீகம். பண்ணையும் பெரிது, வருமானமும் பெரிது. எதிர்பார்ப்பு அதைவிடப் பெரிது.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார் பிராம்லி. முன்னும் பின்னும் எல்லாப் பக்கமும் படிக்க முடிகிறது. 1584, 1585ஆம் வருடங்களுக்கான பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்து கிடக்கிறது. வேறு யாராக இருந்தாலும் எலியையோ ஈரத்தையோ சந்தேகப்பட்டிருப்பார்கள். பிராம்லி சந்தேகப்பட்டது பங்காளிகளை. யாரோ நுரைக்கல்லால் தேய்த்து அழித்திருக்கிறார்கள்! எதற்காக அழிக்கவேண்டும்? அங்கே மைல்ஸின் பெயர் இருந்திருக்கிறது! ஆகவே மைல்ஸ் பிறந்தது 1584இல்! தர்க்கம் என்ன வேகத்தில் ஓடுகிறது பாருங்கள். பெயர் இல்லாததே பெயர் இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. கேப்டன் 1584இல் பிறந்தார் என்று இன்றைக்கும் பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறதே, அதற்கு ஆதாரம் இந்தப் படிக்க முடியாத பக்கம்தான்.

கதையை 1849இல் புத்தகத்தில் ஏற்றியவர், டக்ஸ்பரி ஊர் வரலாறு எழுதிய ஜஸ்டின் வின்சர். அப்போது அவர் ஹார்வர்டில் முதல் வருட மாணவர், வயது பதினெட்டு. பதினெட்டு வயதில் இப்படி ஒரு சதி கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பின்னாளில் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தவர்கள், அது காலத்தால் வந்த தேய்மானம், கல்லால் வந்தது அல்ல என்றார்கள். அதை யாரும் ரசிக்கவில்லை. பிராம்லி வெறுங்கையோடு ஊர் திரும்பினார். திரட்டிய நிதி கரைந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவே கவிதை வந்து காரியத்தைக் கெடுத்தது. 1858இல் கவிஞர் லாங்ஃபெலோ, மனைவியை இழந்த கேப்டன் பிரிசில்லா என்ற பெண்ணைக் கேட்டு ஜான் ஆல்டன் என்ற இளைஞனைத் தூது அனுப்புவதாகவும், அவள் தூது வந்தவனையே பிடித்துக்கொண்டதாகவும் ஒரு நெடுங்கவிதை எழுதினார். நம் புலவர்கள் அன்னம், கிளி, மேகம் என்று கல்யாணமாகாத ஜீவன்களாகப் பார்த்துத் தூதனுப்பியதன் சூட்சுமம் கேப்டனுக்குத் தெரியவில்லை. லண்டனில் ஒரே நாளில் பத்தாயிரம் படிகள் விற்றன என்று சொல்வார்கள். ஆல்டனும் பிரிசில்லாவும் லாங்ஃபெலோவின் மூதாதைகள். தீர்ப்பு யார் பக்கம் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. தோற்றவருக்கு ஆறுதல் பரிசாக, டக்ஸ்பரி ஹாலில் தொடங்கும் சுத்தமான வம்சாவளி ஒன்றைக் கவிதைக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார். வின்சர் எழுதியதைச் சந்தேகிக்கலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை யாரால் சந்தேகிக்க முடியும்? நடந்தது என்னவென்றால், அலெக்சாண்டர் ஸ்டாண்டிஷ் கட்டிக்கொண்டது அதே ஆல்டன் பிரிசில்லா தம்பதியின் மகள் சாராவை. காதலில் பகையாளியாம், ஊரறிய சம்பந்தியாம்.

ஒருவர் கடைசியில் செய்யவேண்டியதைச் செய்தார். கேப்டன் தந்த பட்டியலை உட்கார்ந்து படித்தார். 1914இல் லங்காஷயர் பாதிரியார் தாமஸ் க்ரடாஸ் போர்ட்டியஸ், பழைய பத்திரங்களை எடுத்து ஒவ்வோர் ஊராக வில்லங்கம் பார்த்தார். ஆர்ம்ஸ்கர்க் முதல் கிராஸ்டன்வரை அந்த ஆறு ஊர்களிலும் நிலம் வைத்திருந்தது டக்ஸ்பரி ஸ்டாண்டிஷ்கள் அல்லர். ஆர்ம்ஸ்கர்க் ஸ்டாண்டிஷ்கள் என்ற வேறொரு கிளை. அவர்களில் ஒரு பிரிவு பதினாறாம் நூற்றாண்டிலேயே மேன் தீவுக்குக் குடிபோயிருந்தது. அறுபது எழுபது வருடமாக எல்லாரும் தவறான பங்காளியின் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். டக்ஸ்பரி என்ற பெயர் கேப்டனின் பட்டியலில் எங்குமே கிடையாது. பட்டியல் தொடக்கத்திலிருந்தே எல்லார் கையிலும் இருந்தது. கேப்டன் கடைசியாகக் கொசுறுபோலச் சொன்ன தீவுதான் முக்கியமான தடயம்.

மேன் தீவுக்காரர்கள் விடுவார்களா? எலன்பேன் என்ற பண்ணையில் ஸ்டாண்டிஷ்கள் இருந்ததைக் காட்டி, 1984இல் யங் என்பவர், ஸ்டாண்டிஷ்தான் 'முதல் மேன் தீவு அமெரிக்கர்' என்று புத்தகத் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார். லங்காஷயர்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கேப்டன் காலத்திலேயே அச்சான நதானியேல் மார்ட்டன் என்ற வேறொரு மார்ட்டனின் வரலாறு லங்காஷயர் என்றுதான் சொல்கிறது என்று கொடி பிடித்தார்கள். 'காலத்திலேயே' என்பது சற்று ஊதல்: அது வந்தது 1669இல், கேப்டன் போய்ப் பதின்மூன்று வருடம் கழித்து. பிறந்ததற்கான தாள் இரண்டு தரப்பிடமும் இல்லை. என் வாக்கு ஆர்ம்ஸ்கர்க் கிளைக்கு. தீவில் பிறந்தாரா கரையில் பிறந்தாரா என்பதற்கு ஓட்டுப்போட எனக்குத் தைரியமில்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்டாண்டிஷ் ஊர் ஸ்டாண்டிஷ்களின் சின்னத்தில் மூன்று வெள்ளித் தட்டுகள். 1381 விவசாயிகள் கலகத்தில் தலைவர் வாட் டைலரை வெட்டிய ஒருவர் அந்தக் குடும்பத்துக்காரர் என்று பெருமை வேறு. அந்தப் பெரிய வீடு போப்பாண்டவருக்கு விசுவாசமான கத்தோலிக்க வீடு. பதினேழாம் நூற்றாண்டு முழுக்க அப்படியேதான் இருந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே போப்பின் வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திய பிளிமத்துக்காரர்கள், தங்கள் துப்பாக்கியை நம்பிக் கொடுத்தது அந்த வம்சத்தின் கடைக்குட்டிக் கிளையிடம்.

பிறந்த இடம்தான் இல்லை, புதைத்த இடமாவது உறுதியாகட்டும் என்று டக்ஸ்பரியில் தோண்டினார்கள். 1889இல் ஒரு தடவை. 1891இல் மறுபடி. 1930இல் மூன்றாவது. இரண்டு முக்கோணக் கற்களுக்கு நடுவே கிடந்த எலும்பை, உயிலில் சொன்னபடி பக்கத்தில் பெண்களின் எலும்பும் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, கேப்டன்தான் என்று முடிவுகட்டினார்கள். கடைசியில் செப்புப் பெட்டியில் வைத்துச் சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள், நாலாவது சங்கம் எதுவும் மண்வெட்டியோடு வந்துவிடக்கூடாதே என்று. பக்கத்துக் குன்றில் 116 அடிக் கருங்கல் கோபுரம் எழுப்பி, உச்சியில் 14 அடிச் சிலை. 1872இல் அடிக்கல், முடிக்க 26 வருடம். குள்ளரை அவ்வளவு உயரத்தில் ஏற்றியதில் 1922இல் இடி விழுந்து தலையும் ஒரு கையும் போயின. பிறகு வேறு தலை வைத்தார்கள்.

இவ்வளவு தேடலிலும் ஒருவரை மட்டும் யாரும் தொந்தரவு செய்யவில்லை. 1623இல் 'ஆன்' என்ற கப்பலில் பார்பரா என்ற பெண் வந்தாள். கேப்டன் அவளைக் கட்டிக்கொண்டார். ஏழு பிள்ளைகள். ரோஸ் வழியில் வாரிசு கிடையாது. ஆக ஸ்டாண்டிஷ் வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்தும் ஒவ்வொருவரும் பார்பராவின் வயிற்றிலிருந்து வந்தவர்தான். மகள் லோரா தைத்த பூவேலைத் துணி, அமெரிக்காவில் தைத்து இன்று மிஞ்சியிருப்பவற்றிலேயே மிகப் பழையது, பிளிமத் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யாராக இருக்கும்? பார்பரா யார் மகள், எந்த ஊர், கல்யாணத்துக்கு முன் முழுப்பெயர் என்ன, ஒன்றும் எழுதிவைக்கப்படவில்லை. ரோஸின் தங்கையாக இருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள், ஆதாரமில்லாமல். உயிலில் அவள் பேரில் ஆறு ஊர் நிலம் இல்லை. ஆகவே அவளைத் தேடி யாரும் நிதி திரட்டவில்லை, கப்பலேறவில்லை, எந்தத் தேவாலயத்துப் பதிவேட்டையும் நுரைக்கல்லால் தேய்த்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவில்லை.